பிரேக் பெடல் தாழ்கிறதா? எப்படித் தாழ்கிறது என்று முதலில் பாருங்கள்

பெடல் சரியில்லை என்றதும் பலருடைய கை நேராக நிப்பிளுக்குத்தான் (பிரேக் லைனுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றச் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகு வால்வு) போகும். டியூபை மாட்டு, ஒருவரை உள்ளே உட்காரவை, காற்றை எடு. அதனால் தீருகிற கோளாறும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்மில், அதன் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும் ஷூ தேய்ந்து விலகிக் கிடந்தால், எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றிக் காற்று எடுத்தாலும் பெடல் இம்மியும் உயராது. பெடலின் தள்ளலை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்து போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். காற்று எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்தே, ஆயிலைப் பின்னே போகவிடாமல் ஓரளவு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த ரப்பர் கப்பையும் கிழித்துவிடலாம்.

பெடல் தாழ்வதில் பல வகை இருக்கிறது. உங்களுடையது எந்த வகை என்பதைக் கால் பெரும்பாலும் சொல்லிவிடும். ஸ்பேனரைத் தொடுமுன் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. திடீரென்று பெடல் தாழ்ந்த வண்டியை, ‘பக்கத்தில்தானே, மெதுவாகப் போய்விடலாம்’ என்று ஓட்டாதீர்கள். இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் கீழே போய்விட்டால் விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள், மிச்சமிருக்கும் அழுத்தம் சேரலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். லிவர் வகை ஹேண்ட் பிரேக் என்றால் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். மிதியின் விசையைக் கூட்டும் பூஸ்டரின் உதவியும் ஸ்டீயரிங்கின் உதவியும் சேர்ந்து போய்விடும்.

பெடல் ஏன் தாழ்கிறது

பெடல் ஒரு நெம்புகோல். காலின் விசையை ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு மடங்காக்கிப் பூஸ்டருக்குக் கொடுக்கிறது, பூஸ்டர் இன்னும் கூட்டி மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட், அதிலிருந்து மயிரிழை தூரத்தில்தான் நிற்கும் என்பதால், பெடல் மேலேயே பிடித்துவிடுவதற்கு மிகக் குறைந்த அளவு ஆயில் நகர்ந்தால் போதும்.

பெடல் கீழே இறங்குகிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். லைனுக்குள் ஏதோ அமுங்குகிறது அல்லது விரிகிறது: காற்று, ஆவி, உப்பும் ஹோஸ். அல்லது ஆயில் வேறு எங்கோ போகிறது: வெளியே கசிவு, மாஸ்டருக்குள் கசிவு. அல்லது பேடோ ஷூவோ தொட வேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது. கீழே வரும் எல்லா அறிகுறிகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

காலால் செய்யும் சோதனை

முதலில் பெடலுக்குக் கீழே மிதியடி சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பெடல் முழுதாக மேலே வராமலோ கீழே போகாமலோ இருந்து, அதற்காக மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் தீரும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். ஒரு நிமிடம் விட்டுவிட்டு, இப்போது ஒரே ஒரு முறை நிதானமாக அழுத்துங்கள். எந்த உயரத்தில் பிடிக்கிறது? பிடித்த இடத்தில் கல்லாக நிற்கிறதா, துள்ளுகிறதா? அடுத்து வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்து வந்தால், உயர்ந்த இடத்தில் கெட்டியா துள்ளலா என்பதைக் கவனியுங்கள், அந்த வித்தியாசம் முக்கியம். மூன்றாவதாக, சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவே அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள். பெடல் நழுவி இறங்குகிறதா?

கடைசியாக, கால் பெடல்மேல் இருக்கும்போதே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கி நிற்கும். அது கோளாறு அல்ல, பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பழைய வண்டியில் பழகிய கால், புது வண்டியின் பெரிய பூஸ்டரைப் பார்த்துப் பெடல் தளர்ந்துவிட்டது என்று நினைப்பதும் உண்டு.

அப்புறம் பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்த்த பிறகே அது கசிவா தேய்மானமா என்று முடிவு செய்ய வேண்டும். உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் பேட் மாற்றும் நேரம். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரையும் பாருங்கள். அது உப்பி நெளிந்து போயிருந்தால் யாரோ இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இதில் ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலியம் சார்ந்த எந்த ஆயிலும் பிரேக்கில் இருக்கும் ரப்பர் அத்தனையையும் ஊதவைத்துவிடும். அப்படியானால் கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கப், சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: பஞ்சு மாதிரி அமுங்குகிறது, மிதிக்க மிதிக்க உயர்கிறது, ஆனாலும் துள்ளுகிறது

இது காற்று. டப்பாவில் ஆயில் மட்டம் ஒருமுறை அடிவரை போயிருந்தாலோ, சமீபத்தில் காலிப்பர், வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுவது), ஹோஸ் எதையாவது கழற்றியிருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

உறுதிசெய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. டப்பாவின் மூடியைத் திறந்து, வாயில் தளர்வாக ஒரு துணியைப் போடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்து, பிறகு சட்டென்று காலை எடுக்கட்டும். லைனுக்குள் அமுங்கியிருந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளும்போது டப்பாவுக்குள் ஊற்று எழும்பும். காற்று இல்லாத லைனில் லேசான சலனம் மட்டுமே இருக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் கண்ணுக்கு ஆகாது, பெயின்ட்டையும் அரித்துவிடும். சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காற்று எடுக்கும் வரிசை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி அருகில் வருவது பொதுவான பழக்கம். ஆனால் ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரத்தையும் ஒரே லைனில் இணைத்த வண்டிகளுக்கு வேறு வரிசை சொல்லப்பட்டிருக்கலாம். வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி.

இருவராகச் செய்யும்போது முறை இதுதான்: நிப்பிளில் கண்ணாடிபோல் தெரியும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் நிதானமாக அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறக்க, பெடல் இறங்கும். அவர் காலை எடுக்குமுன் நீங்கள் மூட வேண்டும். ‘அழுத்து’, ‘விடு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது நல்லது. பாதி சொதப்பல் இந்த ஒத்திசைவில்தான் நடக்கிறது. குமிழி நின்று சுத்தமான ஆயில் வரும்வரை தொடருங்கள். சில முறைக்கு ஒரு தடவை டப்பாவை நிரப்பிக்கொள்ளுங்கள். அது காலியானால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

சில சின்ன விஷயங்கள் பெரிய நேரத்தை மிச்சப்படுத்தும். பெடலை வேகவேகமாக அடித்தால் காற்று பொடிக்குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு வெளியேற மறுக்கும். ஆயில் பாட்டிலைக் குலுக்கினாலும் அதே கதைதான். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். மாஸ்டர் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும், கப் அதில் உரசினால் கிழியும். வாக்குவம் பம்ப் வைத்து இழுப்பவர்கள், முடிவே இல்லாமல் பொடிக்குமிழி வந்தால் பதற வேண்டாம். அது பல சமயம் நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து உறிஞ்சப்படும் காற்று. வெளியே எடுத்த ஆயிலை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், திரும்ப ஊற்றாதீர்கள்.

காற்று எடுத்த பிறகும் துள்ளல் போகவில்லையா? காலிப்பரைக் கழற்றி மாட்டிய வண்டி என்றால் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது உச்சியில் இருக்க வேண்டும். இடது வலது மாறிவிட்டால் பல காலிப்பர்கள் தவறில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் நிப்பிள் அடியில் போய்விடும். காற்று மேலே தங்கிக்கொள்ள, கீழே இருந்து சுத்தமான ஆயில் வந்துகொண்டே இருக்கும். புது மாஸ்டர் சிலிண்டர் போட்டிருந்தால், வண்டியில் மாட்டுமுன் வைஸில் பிடித்துக் காற்று எடுத்தார்களா என்று கேளுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றியிருந்தாலோ லைன் முழுக்கக் காலியாகியிருந்தாலோ, யூனிட்டுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற, ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு பேசும் கருவி) மூலம் அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்க வேண்டியிருக்கும். மண் சாலையில் அழுத்தி பிரேக் போட்டு ஏபிஎஸ்ஸை வேலை செய்யவைத்தால் காற்று போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். துள்ளுகிற பெடலோடு சாலைக்குப் போகச் சொல்லும் யோசனை அது, எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி: துள்ளல் இருக்கிறது, காற்று மட்டும் இல்லை

ஊற்றுச் சோதனையில் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் பெடல் மெத்தென்று இருக்கிறது என்றால் வளைகிற, உப்புகிற பொருளைத் தேடுங்கள். ஒருவர் பெடலை அழுத்த, நீங்கள் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் கையால் பிடித்துப் பாருங்கள். உப்பும் ஹோஸ் விரலுக்குத் தெரியும். காலிப்பர் வழுக்கும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பேட் சாய்வாகத் தேயும். சாய்ந்த பேடை அழுத்தும்போது காலிப்பரே நெளிந்துகொடுக்கும், அது காலுக்குத் துள்ளலாகத் தெரியும். பேடுக்குப் பின்னால் துருப்பொருக்கு இருந்தாலும், சத்தம் வராமலிருக்கத் தகட்டின்மேல் தகடாக வைத்திருந்தாலும் இதே விளைவுதான். பேடைக் கழற்றி, ஒரே பேடின் இரு முனைகளிலும் தடிமனை அளந்து பாருங்கள், விஷயம் வெளிச்சமாகிவிடும்.

புது பேட் போட்ட கொஞ்ச தூரத்துக்குப் பெடல் சற்று மென்மையாக இருப்பது இயல்பு. பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று முழுப்பரப்பில் பொருந்தினால் சரியாகிவிடும்.

அறிகுறி: தாழ்வாகப் பிடிக்கிறது, ஆனால் பிடித்த இடத்தில் கல்

இரண்டாவது மிதியில் பெடல் நன்றாக உயர்கிறது, உயர்ந்த இடத்திலும் துள்ளலே இல்லை. இங்கே காற்று எடுப்பது வீண் வேலை. ஷூவோ பேடோ வெகுதூரம் பயணம் செய்கிறது.

பின்னால் டிரம் உள்ள வண்டிக்கு அழகான ஒரு சோதனை: சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைச் சில பல் இழுத்து வைத்துப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று உயர்ந்து பிடித்தால் குற்றவாளி பின் ஷூவின் இடைவெளிதான், ஏனென்றால் ஹேண்ட் பிரேக் அந்த ஷூக்களை ஏற்கெனவே டிரம் பக்கம் தள்ளி வைத்துவிட்டது. பின்னால் டிஸ்க் இருந்து அதன் நடுவில் ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் தனியாகச் சின்ன டிரம் வைத்த வண்டிகளில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அந்த ஷூக்களுக்கும் பெடலுக்கும் தொடர்பே கிடையாது.

வண்டியை ஜாக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்குங்கள். டிரம்மைக் கழற்றி, உள்ளிருக்கும் தூசியை ஊதாமல் ஈரப்படுத்தித் துடையுங்கள். ஷூவின் உராயும் பகுதியான லைனிங் பழையது என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கர அட்ஜஸ்டர் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். தானாகவே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் என்றாலும், துருப்பிடித்தால் அது வெறும் இரும்புத்துண்டு. இன்னொரு பொறி: இடது சக்கரத்து அட்ஜஸ்டரின் மரையும் வலது சக்கரத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டியிருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால், இடைவெளியைக் குறைக்க வேண்டிய அமைப்பு அதைக் கூட்டிக்கொண்டே போகும். லைனிங் மாற்றிய சில வாரங்களில் பெடல் தாழ ஆரம்பித்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

ஷூ லேசாக உரசும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பெடலை ஒருமுறை மிதித்து ஷூக்களை நடுவில் உட்காரவைத்து, சக்கரம் இழுபடாமல் சுற்றும்வரை கொஞ்சம் தளர்த்துங்கள். அதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஷூவை அப்படியே விட்டுவிட்டுக் கேபிளை இறுக்குவார்கள். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும், பெடலும்கூட உயர்ந்த மாதிரி தெரியும். ஆனால் இறுகிய கேபிள் ஷூவை ஓய்வு நிலைக்குத் திரும்பவிடாமல் இழுத்து வைத்திருப்பதால், தானாகச் சரிசெய்யும் அமைப்பு வேலை செய்வதை நிறுத்திவிடும்.

பின் டிஸ்க் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் பொறி இருக்கும் வகையில், பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் உடையும். பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு, பேடின் முதுகில் உள்ள குமிழோடு பொருந்தும்படி நிறுத்துங்கள். பொருந்தாவிட்டால் பேட் சாய்ந்து உட்காரும்.

பின்பக்கம் எல்லாம் சரி என்றால், பூஸ்டரின் தள்ளுதண்டுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், குறிப்பாகச் சமீபத்தில் பூஸ்டரோ மாஸ்டரோ மாற்றியிருந்தால். அதிகமானால் பெடல் தொடக்கத்தில் வெறுமனே இறங்கும். குறைவானால் வேறு ஆபத்து, அது சூடு பற்றிய பகுதியில் வருகிறது.

அறிகுறி: மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது

டப்பாவில் ஆயில் குறையவில்லை, தரையில் சொட்டு இல்லை, ஆனாலும் சிக்னலில் நிற்கும்போது பெடல் நழுவுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் கப்பைத் தாண்டி ஆயில் பின்னோக்கிப் போகிறது என்பதே முதல் சந்தேகம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தக் கப்பின் உதடு, அழுத்தம் கூடக்கூடச் சுவரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓங்கி மிதித்தால் பெடல் பிடித்து நிற்கும், மென்மையாக அழுத்தினால்தான் நழுவும். பட்டறையில் ஒருவர் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ என்று அனுப்பிவிடுவது இதனால்தான். மெதுவாக அழுத்தி நேரம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அனுமானத்தில் மாஸ்டரை வாங்கிவிட வேண்டாம். அதன் ஆயில் பைப்புகளைக் கழற்றி, அதே மரை உள்ள பிளக்குகளால் துளைகளை அடைத்து, மிதித்துப் பாருங்கள். பெடல் உச்சியிலேயே கல்லாக நிற்க வேண்டும். அப்போதும் நழுவினால் மாஸ்டர் போய்விட்டது. கல்லாக நின்றால் மாஸ்டர் குற்றமற்றது, கோளாறு அதற்குக் கீழே. (பைப்பைத் திரும்ப மாட்டியதும் காற்று எடுக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

கீழே என்றால் எங்கே? அதற்கென்றே விற்கும் வழவழப்பான வாயுள்ள ஹோஸ் கிளாம்பால் நான்கு சக்கர ஹோஸ்களையும் அடைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் உயர்ந்து நின்றால், ஒவ்வொன்றாக விடுவியுங்கள். எதை விடுவித்ததும் பெடல் தாழ்கிறதோ அந்தச் சக்கரத்தில்தான் பிரச்சினை. துள்ளலைத் தேடவும் இதே முறை உதவும். பிளையர், வைஸ் கிரிப் எதையும் ஹோஸில் போடக் கூடாது. வெடிப்பு விட்ட பழைய ஹோஸையும், கம்பி பின்னிய ஹோஸையும் நெரிக்கவே வேண்டாம்.

மாஸ்டர் நன்றாக இருக்கிறது, நான்கு ஹோஸும் அடைத்திருக்கிறது, வெளியே ஈரம் எங்கும் இல்லை, ஆனாலும் நழுவுகிறது என்றால் மிச்சமிருப்பது ஏபிஎஸ் யூனிட். அதனுள் இருக்கும் அழுத்தம் விடும் வால்வு அழுக்கால் சரியாக மூடாமல் போவதுண்டு. அரிதான கோளாறு, விலையுயர்ந்த பாகம். அதனால்தான் வரிசையில் கடைசி.

அறிகுறி: நேற்றுவரை சரி, இன்று பெடல் பாதி ஆழத்துக்குப் போய்விட்டது

எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், இரண்டு லைன்களில் ஒன்று ஆயிலை இழந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மற்ற லைன் வண்டியை நிறுத்தும், ஆனால் வெகுதூரம் எடுத்துக்கொள்ளும். வண்டியை நகர்த்தாமல் கசிவைத் தேடுங்கள்.

நான்கு டயர்களின் உள்பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள். டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்லத் தூக்குங்கள். ஆயில் வழிந்தால் சிலிண்டர் முடிந்தது, ஆயிலில் நனைந்த லைனிங்கும் முடிந்தது. துடைத்துவிட்டுப் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம், அது மீண்டும் ஒழுங்காகப் பிடிக்காது. இரும்புப் பைப்பைப் பொறுத்தவரை, கிளிப் பிடிக்கும் இடங்களில் சேறு தங்கி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், அங்கே விரலால் தடவுங்கள். மாற்றும்போது முனையை ஃபிளேர் செய்த (விரித்து மடித்த) பைப்பும் அதற்கான நட்டும் மட்டுமே. வளையம் வைத்து இறுக்கும் இணைப்புகள் இந்த அழுத்தத்துக்கு ஆகாது.

எங்கும் ஈரமே இல்லை, ஆனால் டப்பா குறைந்துகொண்டே போகிறதா? மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் பின்சீல் கசிகிறது. சில வண்டிகளில் அடையாளமே தெரியாமல் ஆயில் முழுக்கப் பூஸ்டருக்குள் போய்ச் சேரும். மாஸ்டரின் நட்டுகளைக் கழற்றி முன்னே நகர்த்தினால்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு: கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும் வண்டிகள். அவற்றில் கிளட்ச்சின் கசிவு, பிரேக்கின் கசிவு போல வேஷம் போடும்.

அறிகுறி: நீண்ட இறக்கத்தில் பெடல் மெத்தென்று போனது, ஆறியதும் சரியாகிவிட்டது

ஆறியபின் எல்லாம் சரியாக இருப்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாத அறிகுறி இது. காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி காற்றைப் போலவே அமுங்கும். ஆறியதும் மீண்டும் திரவமாகிவிடும், தடயமே இருக்காது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் டாட் (DOT) எண் ஆயிலின் தரத்தைக் குறிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இந்த இரண்டாவது எண்தான். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. மூடி திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

பெடல் கெட்டியாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்க மறுத்தால் அது வேறு. அங்கே ஆயில் அல்ல, பேட்தான் சூட்டில் பிடிமானத்தை இழந்திருக்கிறது.

ஆயிலை மாற்றியதோடு விடாமல், சூடு எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினீர்கள் என்றால் விடை அதுவே. சமதளத்தில் ஓட்டியும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் காலிப்பர் இறுகியிருக்கிறது. முன்சக்கரம் இரண்டும் அல்லது எல்லாச் சக்கரமும் இழுத்துப் பிடித்தால் தள்ளுதண்டைச் சந்தேகியுங்கள். அது நீளமாக இருந்தால் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னே வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே இருக்கும். சூட்டில் ஆயில் விரியும், போக வழியில்லாமல் பேடைத் தள்ளும், இன்னும் சூடாகும். மாஸ்டரின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியதும் சக்கரங்கள் விடுபட்டால் காரணம் அங்கேதான்.

அறிகுறி: வளைவோ மேடுபள்ளமோ தாண்டிய பிறகு முதல் மிதி மட்டும் தாழ்வு

இரண்டாவது மிதி எப்போதும் சரியாக இருக்கும். பேரிங் ஆட்டத்தாலோ டிஸ்கின் கோணலாலோ, டிஸ்க் பேடைத் தட்டிப் பிஸ்டனை உள்ளே அனுப்பிவிடுகிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இல்லை என்றால் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து டிஸ்கின் கோணலை அளக்க வேண்டும். பல வண்டிகளில் 0.05 மில்லிமீட்டர் அளவுதான் அனுமதி. டிஸ்க் குற்றமில்லாமல், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவாலேயே இவ்வளவு கோணல் வந்துவிடும். டிஸ்கை வாங்குமுன் ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள்.

அறிகுறி: பேட் மாற்றி முடித்ததும் பெடல் தரைக்குப் போகிறது

பதற வேண்டாம். உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து மேலே கொண்டுவாருங்கள். சக்கரம் மாட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. பலமுறை மிதித்தும் வராவிட்டால், மேலே சொன்ன சோதனைகளுக்குப் போங்கள்.

ஹைபிரிட், மின்சார வண்டிகள்

இவற்றில் பலவற்றில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் சாதாரண நிலையில் நேரடி ஆயில் தொடர்பு இல்லை. காலுக்குத் தெரியும் கெட்டித்தன்மை ஒரு ஸ்பிரிங் அமைப்பு போலியாகக் கொடுப்பது, உண்மையான அழுத்தத்தை மின் பம்ப் உருவாக்குகிறது. அதனால் மேலே சொன்ன கால் சோதனைகள் இங்கே தவறான பதில் தரலாம். கதவைத் திறந்தாலே அந்தப் பம்ப் இயங்கத் தொடங்கும் வண்டிகளும் உண்டு, நிப்பிள் பக்கம் கை போகும்போது இது ஆபத்து. ஸ்கேனரும் அந்த வண்டிக்கான வழிமுறையும் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு

இன்ஜின் ஓடும்போது பெடலை ஓங்கி அழுத்திப் பிடித்து, மற்றொருவரைக் கழற்றிய ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மென்மையாக ஒரு நிமிடம் அழுத்துங்கள். இரண்டிலும் பெடல் நின்றால், ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் வேகத்தைக் கூட்டலாம். ஆயில் மட்டத்தை டப்பாவின் வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறித்து வையுங்கள். மறுநாள் காலை கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஓர் இணைப்பு இன்னும் கசிகிறது.